குளியலறையில் கேட்ட மெட்டு

சிஹாரு பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தாள். ஆனால் கியோட்டோவின் வீடியோ கேம் பித்தர்களுக்கு அவளைத் தெரிந்தது வேறு காரணத்தால். மினாசே நிறுவனம் அடுத்த நிகழ்ச்சியில் எந்தக் கேமை அறிவிக்கும் என்று அவள் இணையத்தில் முன்கூட்டியே எழுதினால் பெரும்பாலும் பலித்துவிடும். ஆள் தேவை விளம்பரம், திடீர் விலைக்குறைப்பு என்று ஊரறிந்த தகவல்களை வைத்தே கணிப்பாள்.

அவள் கணவன் ரியோஹெய் அதே மினாசேயில் ஒலிப்பதிவாளன். வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்க மாட்டான்; அவளும் கேட்டதில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் அவன் குளித்தபடியே ஏதோ முணுமுணுத்தான். துண்டு மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. மினாசேயின் பழைய 'உப்புத் தீவு' கேமின் படகுப் பாட்டு. ஆனால் நடுவில் அவள் கேட்டேயிராத ஒரு திருப்பம். அப்படியானால் மூன்றாம் பாகம் வருகிறதா? கல்லூரி நாளிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்த கேம் அது. கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

எழுதச் சொல்லி விரல் துடித்தது. எழுதினால், கசியவிட்டது யார் என்று தோண்டுவார்கள். அவன் வேலை போய்விடும். அதனால் வேண்டுமென்றே கார் பந்தய கேம் வரும் என்று எழுதிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோழி வகானாவின் வீட்டில் அவளோடு உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்தாள். கணிப்பில் தோற்றவள் மற்றவளுக்கு விலாங்குமீன் சோறு வாங்கித் தர வேண்டும் என்பது அவர்களுக்குள் பந்தயம். கடைசியில் திரையில் கடல் விரிந்தது, படகு வந்தது, அந்தத் திருப்பமும் வந்தது. வகானா சோபாவில் ஏறிக் குதித்தாள்.

"வருஷா வருஷம் இதையே எழுதி வருஷா வருஷம் தோத்தேன். இன்னிக்கு ஜெயிச்சுட்டேன் பாத்தியா? உன் மூளை எங்கடி மேயப் போச்சு?"

"கார்ல ஏறிப் போயிடுச்சு. விலாங்குச் சோறு என் செலவு, போதுமா?" என்றாள் சிஹாரு. கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை.

வீட்டில் ரியோஹெய் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ எழுதினதைப் படிச்சேன். கார் பந்தயமா? நீயா அப்படி எழுதின?"

"நீ குளிக்கும்போது வாயை மூடிக்கிட்டுக் குளி."

கத்தி நின்றது. அவன் முகம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. "யார்கிட்டயாவது..."

"சொல்லல."

அவன் தலை குனிந்து நன்றி சொன்னான். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசிக் காட்சியில தூரத்துல ஒரு தீவுல விளக்கு எரிஞ்சுதே, அங்க யார் இருக்கா?"

ரியோஹெய் ஒரு பிடி முட்டைக்கோஸை வாயில் திணித்து, மென்றுகொண்டே இருந்தான்.