ஓர் ஆளின் சராசரி

பகல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அக்கா போன் செய்தாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தானைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "கம்ப்யூட்டர்லயே ஆபத்து நடுத்தரம்னுதான் வந்துச்சாம். மாத்திரை குடுத்துட்டாங்க. நான்தான் வீணா பயந்துட்டேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதே ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் தங்கச்சி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, கம்ப்யூட்டரை நம்பிவிட்டாள்.

அந்த 'நடுத்தரம்' சாப்பாட்டை உள்ளே இறங்கவிடவில்லை. நோயாளியின் ஆபத்தைக் கணிக்கும் எங்கள் புது கம்ப்யூட்டர் மாடல் இந்த வாரம்தான் அவசரப் பிரிவில் ஓடத் தொடங்கியிருந்தது. "உங்க மெஷினுக்கு வர்றவங்க எல்லாருமே நடுத்தரம்தான் போல" என்று ஒரு நர்ஸ் கிண்டலடித்தபோது நானும் சிரித்துவிட்டு வந்திருந்தேன்.

மாடலின் ஃபார்முலாவைத் திறந்தேன். எழுதியவர் எதிர் மேசைக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கணக்குப்புலி. வயது, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை என ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துத்தான் மாடல் ஆபத்தை எடைபோடும். அப்படிக் கழிப்பதற்கென்றே ஒரு ஃபங்ஷன், அதாவது குட்டி நிரல், தயாராக உண்டு. ஃபார்முலாவுக்குள் அதைப் போட்டால் பழைய நோயாளிகளின் சராசரியை ஞாபகம் வைத்துக்கொண்டு, புதிதாக யார் வந்தாலும் அதையே கழிக்கும். புலி அதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று எழுதிப் போட்டிருந்தார். அதற்கு ஞாபகமே கிடையாது. அப்போது யார் எதிரே நிற்கிறார்களோ அவர்களின் சராசரியை எடுத்துக் கழித்துவிடும்.

"ஆயிரம் பேர மொத்தமா ஓட்டிப் பாத்தோமேம்மா. சரியாத்தானே வந்துச்சு" என்றார், நான் அதைக் காட்டியதும்.

"கீழ ஒவ்வொருத்தராத்தான சார் வர்றாங்க. ஒரே ஒரு ஆளோட சராசரி என்ன?"

ஓர் ஆளின் சராசரி அந்த ஆளேதான். அவரிலிருந்து அவரையே கழித்தால் பூஜ்யம். சாகக் கிடப்பவரும் பூஜ்யம், காய்ச்சலுக்கு வந்தவரும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் மாடலுக்குச் சராசரி ஆள், ஆபத்து நடுத்தரம். படுபாவி மனுஷன், ஒரே ஒரு நோயாளியை வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கக்கூடாதா? மாடலை நிறுத்தச் சொல்ல அவர் படியிறங்கி ஓடினார்.

அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, ஆம்புலன்ஸ் அனுப்புறேன். அத்தான உடனே கூட்டிட்டு வா."

"இப்பத்தான்டி கண்ண மூடினாரு. கொஞ்சம் தூங்கட்டுமே."

"எழுப்புக்கா."

"கம்ப்யூட்டர்ல பாத்துட்டுத்தானே அனுப்பினாங்க?"

"அது அவரப் பாக்கவே இல்லக்கா."

அவள் போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "ஏங்க" என்றாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, தூக்கம் கலைந்துவிடக்கூடாது என்பதுபோலக் கூப்பிட்டாள். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. எழுந்தது அத்தானா, பக்கத்தில் உட்கார்ந்தது அவளா என்று தெரியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.