பின்பெட்டியில் மணியடிக்க ஆளில்லை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது. வார இதழ் என்னிடம் கேட்டது ரயிலில் ஒரு கொலை. ஒரே இதழில் முடிய வேண்டும். கொலைக்கு இடம் பார்க்கத்தான் அன்று காலை நகர ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறினேன். ஒரு நிலையத்தில் ரயில் நின்றது. கதவுகள் மூடின. ரயில் கிளம்பவில்லை.

ஜனங்கள் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் அரசாங்கத்தைத் திட்டினார்கள்.

"டிரைவர் தூங்கிட்டான் போல."

"தூங்கினா எழுப்பலாம் சார். எறங்கி வீட்டுக்குப் போயிட்டானோ என்னவோ!"

எனக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கார்டு அறை. எட்டிப் பார்த்தேன். நாற்காலி இருந்தது. கார்டு இல்லை.

கொலையை அங்கேயே கைவிட்டேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "காலி நாற்காலியில் இன்னும் சூடு மிச்சமிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் இப்போது —"

(இல்லை. அவள் சாகவில்லை. நடைமேடையில் கோஷம் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். பழக்க தோஷம், மன்னிக்கவும்.)

இரண்டாவது வரைவு: "நகர ரயில்களில் கார்டு பதவியையே ஒழித்துவிட்டு, கதவு மூடுவது முதல் எல்லாவற்றையும் டிரைவர் ஒருவர் தலையிலேயே கட்டுவதென்ற நிர்வாகத்தின் முடிவை எதிர்த்துத் தொழிற்சங்கம் —"

(விஷயம் சரிதான். எழுதிய எனக்கே கொட்டாவி.)

மூன்றாவது: "அவளுக்குக் கால் வலித்தது."

இது இருக்கட்டும்.*

* கைவிட்ட வரிகளையெல்லாம் ஏன் அச்சில் விட்டுவைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். பத்திரிகையில் ஒரு துணையாசிரியர் அம்மா இருந்தார். அச்சுக்குப் போகும் முன் போன் செய்வார். "சார், போன வாரம் நீங்க கொன்னவரு இந்த வாரம் காபி குடிக்கிறாரு. பரவாயில்லையா?" திருத்திக் கொடுத்தால், "சரி, போகட்டும் சார்" என்பார். அந்தக் குரல் கேட்காமல் என் கதை எதுவும் அச்சேறியதில்லை. செலவைக் குறைக்கிறோம் என்று அவர் பதவியை எடுத்துவிட்டார்கள். இப்போது நானே எழுதி, நானே திருத்தி, நானே போகட்டும் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

3

அவளுக்குக் கால் வலித்தது. மாதக்கணக்காகக் கூட்டம், வாயிற்கூட்டம், ஊர்வலம். ஒவ்வொன்றிலும் நாற்காலிதான் அதிகம், ஆள் குறைவு. அவள் கார்டு; சங்கத்தின் கிளைச் செயலாளரும்கூட. தன் வேலைக்கும் தன்னைப் போன்றவர்களின் வேலைக்கும் குரல் கொடுத்துக் கொடுத்து, அந்தக் குரல் அடுத்தவர் வீட்டு ரேடியோ மாதிரி அவளுக்கே அந்நியமாகியிருந்தது.

கார்டு இல்லாத ரயிலுக்கு அன்று முதல் வெள்ளோட்டம். ஓட்டியவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அவள் மாமா என்று கூப்பிடுபவர். முன்னால் மாமா, பின்னால் மச்சினி என்று எத்தனையோ வருஷம் ஒரே வண்டியில் போனவர்கள். வழக்கம் இதுதான்: பின்னால் இருப்பவள் நடைமேடையைப் பார்த்து, கதவை மூடி, மணி அடிப்பாள். ஒரு முறை அடித்தால் நில். இரண்டு முறை அடித்தால் கிளம்பு. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மணி கேட்டால் போதும்.

அன்று மணி கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போனில் கத்தும்வரை ரயில் கிளம்பவில்லை.

இந்த அளவுக்கு எனக்கு அவளே சொன்னாள், நான் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தபோது, நடைமேடையில், அட்டையால் முகத்துக்கு விசிறிக்கொண்டே. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

4

"என்னதான் ஆச்சு மாமா?"

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறை. தற்காலிகப் பணிநீக்கத்தில் வீட்டுக்கு வந்த மாமா கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கதவை மூடினேன். பிளாட்பாரத்தைக் காட்டுற கேமரா ஸ்கிரீன்ல பார்த்தேன். நீ யூனிஃபார்மோட நின்னுக்கிட்டிருந்தே. சரி, நம்ம ஆளு இருக்கா, அடிப்பான்னு உட்கார்ந்துட்டேன்."

"நான் வெளிய நின்னு 'ஒழிக'ன்னு கத்திக்கிட்டிருந்தேன் மாமா!"

"ஸ்கிரீன்ல சத்தம் வராதேம்மா."

அக்கா குபீரென்று சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். உடனே அக்கா கரண்டியை நீட்டினாள். "என்னடி சிரிப்பு? வேலை போனா உன் சங்கமா வந்து சோறு போடும்?"

"நீதானேக்கா முதல்ல சிரிச்சே?"

"நான் கட்டிக்கிட்டவ. சிரிப்பேன், அழுவேன். நீ எதுக்குச் சிரிக்கிறே?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான். (வெங்காயம்தானா? சந்தேகமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

5

அதற்குள் விஷயம் கைமீறிப் போயிருந்தது. சங்கத் தலைவருக்கு 'மைக்' என்று பெயர். கையில் கிடைத்தால் விடமாட்டார். மத்தியானமே மேடை ஏறி, "ஒரு டிரைவர் தன் வேலையைப் பணயம் வெச்சு ரயிலை நிறுத்திக் காட்டினார் தோழர்களே!" என்று முழங்கிவிட்டார். அன்றுதான் நாற்காலிகள் நிறைந்தன. மற்ற பணிமனைக்காரர்களும் வேலைநிறுத்தத்துக்கு வருகிறோம் என்றார்கள்.

முதலில் இந்த மைக்கை நான் தங்க மோதிரமும் தொப்பையுமாக எழுதினேன். வில்லன் கிடைக்காத தொடர்கதைக்காரன் வேறென்ன செய்வான்? ஆனால் ஆள் அப்படி இல்லை. தொண்டை போய், வீட்டில் சைகையில் பேசுகிற மனுஷன். வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிறார். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

"நாளைக்கு விசாரணையில அவரை வாயைத் திறக்காம இருக்கச் சொல்லும்மா," என்றார் மைக், கரகரத்த குரலில். "பேசாம இருந்தா நாம சொன்னது நிக்கும். மறந்துட்டேன்னு சொன்னார்னா ஊரே சிரிச்சுடும். வேலைநிறுத்தமும் போச்சு, உங்க எல்லார் வேலையும் போச்சு."

"பேசாம இருந்தா மாமாவுக்கு வேலை போயிடுமே அண்ணே."

"வழக்குப் போட்டு வாங்கிடலாம்."

"எப்போ?"

மைக் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

6

இனி முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

மாமா வாயே திறக்கவில்லை. வேலை போகிறது. ஊரே திரள்கிறது. நிர்வாகம் பணிந்து, கார்டுகள் எல்லோரும் திரும்ப —

(விசிலடிக்கலாம். அக்கா மட்டும் அடிக்க மாட்டாள்.)

மாமா உண்மையைச் சொல்கிறார். அதிகாரி சிரிக்கிறார். மாமாவை எச்சரித்து விட்டுவிடுகிறார்கள். போராட்டம் பிசுபிசுத்துப் போகிறது. மாதக் கடைசியில் அவள் தன் விசிலையும் கொடியையும் ஒப்படைத்துவிட்டு —

(இது நடக்கும் போலத்தான் இருக்கிறது. அதனாலேயே கையெழுத்துப் போட மனசு வரவில்லை.)

மாமா உண்மையைச் சொன்னதும் அதிகாரி சட்டென்று நிமிர்கிறார். "அப்போ இத்தனை நாளா ரயில் ரெண்டு பேர் சம்மதத்துலதான் ஓடுச்சா?" அவர் கண்களில் —

(துணையாசிரியர் அம்மா இருந்திருந்தால், "சார், இந்த அதிகாரி போன பக்கத்துல இருந்தவர்தானா?" என்று கேட்டிருப்பார்.)

அவளிடமே கேட்டுவிடலாம் என்றும் பார்த்தேன். என் கற்பனையில் அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "எனக்குத் தூக்கம் வருது சார், நீங்களே ஏதாவது எழுதிக்கோங்க" என்றாள்.

7

விசாரணை அறை. மேசை, மூன்று நாற்காலி, திறக்க வராத ஜன்னல். விதிப்படி, துணைக்கு வந்த சங்கப் பிரதிநிதி உட்காரலாம், பேசக் கூடாது. அவள் மாமாவுக்குச் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். அங்கேதான் நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்கிறார்: "வேணும்னே நிறுத்தினீங்களா? வேற காரணமா? சொன்னா எழுதிக்கிறேன். சொல்லலைன்னா வேணும்னே நிறுத்தினதாத்தான் எடுத்துக்குவோம்."

மாமா பதில் சொல்லவில்லை. எதிர்ச்சுவரையே பார்க்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை.

பயத்தில் ஊமையாகிவிட்டாரோ என்று அவள் முதலில் நினைத்தாள். பிறகு அவருடைய தோள்களைப் பார்த்தாள். வலது கை தொடைமேல் தயாராக இருந்தது. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, எதையோ கேட்கிற மாதிரி.

மனுஷன் காத்திருக்கிறார்.

அவள் கை மெல்ல மேசை விளிம்புக்கு வருகிறது. ஆள்காட்டி விரல் மடங்குகிறது. ஒரு முறை தட்டினால், மாமா வாய் திறக்கமாட்டார். அவர் வேலை போகும், வேலைநிறுத்தம் நடக்கும். இரண்டு முறை தட்டினால், நடந்ததைச் சொல்வார்; அவர் பிழைப்பார், மற்றவர்கள் பாடு கஷ்டம்.

என் பக்கத்தில் போன் இருக்கிறது. அது அடிக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேனாவை மூடாமல் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அதிகாரி தும்முகிறார். கதவு மூடியிருக்கிறது. அவளுடைய விரல் மேசைக்கு மேலே நிற்கிறது. மாமா திரும்பமாட்டார், அது அவர் வழக்கமே இல்லை.

பின்பெட்டியில் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்.