அண்ணாந்து குடித்த தண்ணீர்

உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம். மூன்று பேருக்குமாக மிஞ்சியிருந்தது அப்பளசாமியின் அலுமினிய பாட்டிலில் பாதித் தண்ணீர்தான். ஆளுக்கு இரண்டு வாய் குடித்தால் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடலாம், இல்லாவிட்டால் இப்படியே திரும்ப வேண்டியதுதான் என்று கென் சொல்லியிருந்தான்.

மூவருக்கும் சிட்னியை ஒட்டிய பரமட்டாவில் ஒரே அலுவலகம். கென் அந்த ஊர் வெள்ளைக்காரன். பார்த்தசாரதி என்ஜினீயர், மெட்ராஸிலிருந்து எழுபத்து நான்கில் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பளசாமி ஈப்போக்காரர், டிராஃப்ட்ஸ்மேன். அடுத்த மாதம் மலேசியாவுக்கே திரும்புகிறார். இந்தப் பாலைவன மலையின் படத்தை இரண்டு வருஷமாக மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தவர். போவதற்குள் ஒரு தடவை அதன் உச்சியில் நின்றுவிட வேண்டும் என்று மற்ற இருவரையும் கிளப்பிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

சிட்னியிலிருந்து காரில் வந்த மூன்று நாளில் பார்த்தசாரதி அவரிடம், தாத்தா எந்த ஊர் என்று கேட்டார். அதோடு விடாமல், ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்தேதான் அப்பளசாமி பதில் சொன்னார்.

இப்போது ஒரு வாய் குடித்துவிட்டு அவர் பாட்டிலை நீட்டினார். "மெதுவா குடிங்க சார்."

காலையில் கென் வாய் வைத்துக் குடித்த பாட்டிலை வாங்கி, அப்படியே மடக்மடக்கென்று குடித்த மனிதர்தான் இந்தப் பார்த்தசாரதி. வெள்ளைக்காரன் எச்சில் அவருக்கு நாகரிகமாக இருந்தது. இந்த பாட்டிலை மட்டும் கை தானாக ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கியது. முகட்டுக் காற்று தண்ணீரைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போயிற்று. வாயில் ஒரு சொட்டு விழவில்லை. இன்னும் சாய்த்தார், பாட்டில் கைநழுவிப் பாறையில் உருண்டது. ஓடிப்போய் எடுத்தபோது உள்ளே ஒன்றுமில்லை.

என்ன ஆயிற்று என்று கென் கேட்டான். காற்று தட்டிவிட்டது என்று பார்த்தசாரதி ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்பளசாமி அவரை ஒரு தரம் பார்த்தார். ஆமாம், காற்றுதான் என்று அவரும் ஆங்கிலத்திலேயே சொன்னார். உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, முதல் ஆளாக இறங்கத் தொடங்கினார்.

நான்கு மணி நேர இறக்கம். பார்த்தசாரதிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கென்னுக்கு ஒன்றும் புரியவில்லை என்பதில் ஆறுதலே இல்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்துவிட்டதே என்று வெட்கத்தில் கூனிக் குறுகி நடந்தார். மன்னிப்புக் கேட்க என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டார். எப்படிச் சொன்னாலும் அந்தத் தெருவில் போய் முட்டியது.

அடிவாரத்தில், கார் நின்ற இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அப்பளசாமி பாட்டிலை நிரப்பி, வாய் வைத்துக் குடித்து, மறுபடியும் நீட்டினார். பார்த்தசாரதி இரண்டு கையாலும் வாங்கினார். அப்பளசாமி பார்க்க வேண்டும் என்பதற்காகவே மெதுவாக உதட்டருகே கொண்டுபோனார்.

"இங்க காத்து இல்ல சார்," என்றார் அப்பளசாமி. "தூக்கியே குடிக்கலாம்."