உதடு மட்டும் என்னுடையது

என் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, இருட்டறையின் திரையில் என் முகம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, கண்ணில் கிளிசரின், நெற்றியில் கால் ரூபாய் அகலக் குங்குமம், வாய் மட்டும் தொட்டி மீனைப்போலத் திறந்து திறந்து மூடுகிறது, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எனக்குக் குரல் கொடுக்கும் ரூபாவதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் உதட்டையே பார்த்தபடி நிற்கிறாள், நான் வாய் திறக்கும் கணத்தில், அத்தை, நான் இந்த வீட்டுக்கு மருமக மட்டும் இல்ல, மகளும்கூட, என்கிறாள், அது என் வாயிலிருந்து வருகிறது, இவ்வளவு நல்லவளா நான் என்று எனக்கே சந்தேகம் வருகிறது. எனக்கு ஏன் சொந்தக் குரல் கிடையாது என்று கேட்கத்தான் அன்றைக்கு டப்பிங் தியேட்டருக்குப் போனேன், டைரக்டர் டீயை ஊதிக்கொண்டே, கோச்சுக்காதம்மா, முகம் மகாலட்சுமி, குரல் மளிகைக்கடை, என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், என் சிரிப்புத்தான் எல்லோருடையதையும்விடச் சத்தமாக இருந்தது, பாத்தியா, இதத்தான் சொல்றேன், என்றார்.

அந்த மளிகைக்கடைக் குரல் அம்மா கொடுத்தது, கோவில்பட்டியில் அவள் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் குடத்தைத் தூக்குவார்கள், அந்தத் தொண்டையால்தான், எனக்குப் பத்தொன்பது வயதில், நடிக்கப் போறவ இந்தப் படி ஏறாத, எனக்கு மக செத்துட்டா, என்றாள், அத்தோடு பேச்சு நின்றது. வாரா வாரம் கூப்பிடுவேன், அண்ணன் எடுப்பார், அம்மா குளிக்கா, என்பார், பதினோரு வருடமாக அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். மதினிதான் ஒருநாள் ரகசியமாகச் சொன்னாள், ஏழரை மணி ஆனா டிவி முன்னால உக்காந்துருதாக, நாங்க மூச்சு விடக் கூடாது, சர்க்கரை ரெண்டு கண்ணையும் கொண்டுபோன பொறவும் உக்காந்து கேக்காக.

கேட்கட்டும் என்றுதான் நடித்தேன்போல, நான்கு தொடர்கள், இரண்டு தடவை தீயில் மாட்டினேன், மூன்று புருஷன்களை இழந்தேன், ஒரு கர்ப்பம் பதினான்கு மாதம் நீண்டது, யானைக்கு அடுத்து நான்தான், பட்டுப்புடவையில் தூங்கி பட்டுப்புடவையில் எழுந்து, எல்லாவற்றுக்கும் ரூபாவதி அழுதாள், நான் வாயைத் திறந்தேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திரையின் அடியில் ஒரு வரி ஓடியது, இனி அமுதவல்லியாக இவர், அமுதவல்லி அதுவரை நான்தான், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி என் புடவையில், என் தாலியோடு, என் மாமியார் காலடியில், என் குரலில் அழுதாள், என் குரல் என்றால் ரூபாவதியின் குரல், அவளை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் கூப்பிட்டார், டாக்டர் கையை விரிச்சுட்டாரு, படி ஏறாதன்னு சொன்னவளே படுத்துட்டா, வா. படி ஏறுகிறேன், அம்மா சுருட்டி வைத்த பாய்போலக் கிடக்கிறாள், தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா, என்கிறேன் என் மளிகைக்கடைக் குரலில், யாருட்டி அது, சத்தம் போடாத, எம்மவ பேசுதால்ல, என்கிறாள். நாந்தாம்மா ஒம்மவ, என்று கட்டிலோரம் உட்கார்ந்தேன், தலையைச் சாய்த்துக் கேட்டாள், என் பழைய தொண்டைமேல் தினமும் அரைமணி நேரம் இன்னொரு தொண்டையைப் பூசிப் பூசி உள்ளே ஒன்றும் மிச்சமில்லை, மதினி பக்கம் திரும்பி, இவ யாரு, ஆம்பளத் தொண்டையா இருக்கு, எம்மவ கொரலு எனக்குத் தெரியாதா, அவ வந்தா எழுப்பு, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும், என்றாள். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினோரு வருடம் காத்திருந்தேன், அது வந்துவிட்டது, விலாசம் மட்டும் வேறு.

மறுநாள் காலையில் ரூபாவதியைக் கூப்பிட்டேன், நேரில் மூன்று தடவை பார்த்திருப்போம், விஷயத்தைச் சொன்னதும் தொழில்காரிக்கே உரிய நிதானத்தோடு, வசனம் அனுப்பிருங்க மேடம், அம்மா எப்படிப்பட்டவங்க, என்றாள், பிடிவாதக்காரி, என்றேன், அது எனக்கும் வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. செல்போனில் எழுதி எழுதி அழித்தேன், எத்தனை வசனகர்த்தாக்களைத் திட்டியிருக்கிறேன், எல்லோரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், கடைசியில் மூன்று வரி தேறியது, அம்மா நான் வந்துட்டேன், உன் பேச்சை மீறிப் போனது தப்பு, என்னை மன்னிச்சிரு.

ரூபாவதியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் போனை வைக்கிறேன், அம்மா, நான் வந்துட்டேன், என்கிறது தலையணை, அம்மாவின் முகத்தில் யாரோ விளக்கைப் போட்டதுபோல, ஏட்டி, வந்துட்டியா, என்று கை துழாவுகிறது, குனிந்து முகத்தைக் கொடுக்கிறேன், விரல்கள் கன்னத்தைத் தடவி உதட்டில் வந்து நிற்கின்றன, பேசுகிற வாயைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். இப்டி மெலிஞ்சிட்டியே, அந்த மூதேவி மாமியாக்காரி சோறு போடுதாளா இல்லையா. இது வசனத்தில் இல்லை. ரூபாவதி ஒரு மூச்சு தயங்கினாள், இப்ப திருந்திட்டாங்கம்மா, நல்லா பாத்துக்கறாங்க, என்றாள், என் உதடு தானாக அசைந்தது, அரை வார்த்தை பிந்தித்தான், இத்தனை வருடம் என் உதட்டைத் துரத்தியவளை இன்று நான் துரத்திக்கொண்டிருந்தேன். உங்க பேச்சை மீறிப் போனது தப்பும்மா, என்றாள். போ ஏட்டி, என்ன தப்பு, நாந்தான் வீம்பு புடிச்சவ, ஒருநாளு ஒங்கதைய விட்டதில்ல, கண்ணு போனப்பக்கூட அழல, காது இருக்கேன்னு கெடந்தேன், ஒங்கொரலுக்காவத்தாம்ட்டி இந்த உசுரு கெடக்கு. போனில் ரூபாவதி அழுகிறாள், யாரும் எழுதித் தராத அழுகை, என்னால் முடியவில்லை, அம்மா, என்றேன், சத்தமாக, என் சொந்தத் தொண்டையில்.

விரல்கள் வெடுக்கென்று விலகின, யாரு அது ஊடால, அந்தக் கட்டத் தொண்டக்காரியா, அவள வெளிய போவச் சொல்லு, நாங்க தாயும் மவளும் பேசிட்டிருக்கோம்ல. மதினி என்னைப் பார்க்கிறாள், நான் தலையணையைப் பார்க்கிறேன், எங்கோ சென்னையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள், அம்மாவின் கை மறுபடி துழாவிக்கொண்டு வருகிறது, குனிந்து கொடுக்கிறேன், யாரும் இல்லம்மா, என்கிறாள் ரூபாவதி, யாரும் இல்லம்மா, அம்மாவின் விரல்களுக்கடியில் என் உதடு அசைகிறது, இந்தத் தடவை அரை வார்த்தைகூடப் பிந்தவில்லை, சத்தம் வரவில்லை.