எட்டு முழம்

புது வரி ஒரு காசு இல்லாமல் சாலை வரும் என்று ஓவர்சீயர் சொன்னதும் முதலில் எழுந்தவர் கந்தப்பன்தான். சாலைக்கான நிலத்தைத் தோட்டக்காரர்கள் இனாமாகக் கொடுக்க வேண்டும், மண்ணை ஊரார் தங்கள் வண்டியில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"எங்க கெணத்துக் கவலை வாரியோட கடைசியில எட்டு மொழம் சும்மாதானுங்க கெடக்குது. எடுத்துக்குங்க" என்று சொல்லிக் கைநாட்டும் வைத்தார். மாலை போட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அது ஐப்பசி. கேடு அங்கேதான் இருந்தது. கவலையில் தண்ணீர் இறைக்கும் எருதுகள் வாரிச் சரிவில் இறங்கினால்தான் வடம் இழுபட்டுத் தண்ணீரோடு தோல்பறி மேலே வரும். தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவு தூரம் அவை நடந்தாக வேண்டும். ஐப்பசியில் கிணறு தளும்பியது. வடத்தைச் சுருக்கிக் கட்டியிருந்தார். எருதுகள் பாதி வாரியோடு திரும்பின. நாற்பது வருஷம் கவலை ஓட்டியவருக்குப் பங்குனி என்று ஒரு மாதம் இருப்பது அந்த நேரம் பார்த்தா மறந்துபோக வேண்டும்?

பங்குனியும் வந்தது. தண்ணீர் அடிக்குப் போயிற்று. வாரியின் கடைசியில் சாலைமேடு ஆளுயரம் நின்றது. எருதுகள் அதில் முட்டிக்கொண்டு நின்றன. பறியோ கிணற்று வாய்க்கு எட்டு முழம் கீழேயே தொங்கியது.

ராகி பால் பிடிக்கும் பருவம். இன்னும் மூன்று தண்ணீர் பாய்ந்தால் வருஷத்துக் கஞ்சிக்குக் குறைவில்லை. மனைவி சென்னியம்மாள் கிணற்றுப் படியில் நின்று பறித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஏற்றினாள். இரண்டு நாளில் இரண்டு பாத்திகூட நனையவில்லை.

கந்தப்பன் மண்வெட்டியோடு மேட்டில் ஏறினார். சென்னியம்மாளின் தம்பி மருதாசலம் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"இது எங்க வண்டி மண்ணுங்க, மச்சான். மொதல்ல கைநாட்டு வெச்சது நீங்க. உங்களப் பாத்துத்தானுங்க நாங்கெல்லாம் குடுத்தோம்."

 கந்தப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை ஓவர்சீயர் சல்லியும் உருளைக்கல்லுமாக வந்து சேர்ந்தார்.

"கவுண்டரே, சல்லி இறுகத் தண்ணீர் வேணும். உங்க கிணறுதான் பக்கம். விலை கொடுத்து வாங்கினா வரி போடணும். நீங்கதான் பெரிய மனசுக்காரராச்சே."

கந்தப்பன் சாட்டையை அவர் கையில் கொடுத்தார். "எறச்சுக்குங்க சாமி. எவ்வளவு வேணாலும்."

ஓவர்சீயர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். எருதுகள் மேட்டில் முட்டி நின்றன. அவர் மறுபடி அடித்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார். "பரவாயில்லை, மருதாசலம் கிணற்றில் எடுத்துக்கிறோம்."

சாட்டையை வாரியில் வைத்துவிட்டுப் போனார். கந்தப்பன் அங்கேயே உட்கார்ந்தார். அழுதார், ஒளிக்கவில்லை.

பிறகு நுகத்தை அவிழ்த்தார். எருதுகளைக் கயிறு பிடித்து நடத்திக்கொண்டுபோய் ராகிக்குள் விட்டார்.

பயிரில் ஒரு வாய் வைத்தாலே கம்பெடுத்து ஓடிவருகிற சென்னியம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள்.

"உடுங்க" என்றாள். "பச்சையா இருக்கறப்பவே தின்னுக்கட்டும்."