தலை வெட்டிய போல்ட்டுகள்

1

இந்தக் கதை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தது. டப்பா என்னுடையதில்லை, பக்கத்து வீட்டு கிளிஃபோர்டுடையது. அவனிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஷெஃபீல்டில் போல்ட் ஆலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். படிப்பு பதினைந்து வயதோடு சரி. செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் கதை எழுதச் சொல்லித் தருகிறார்கள். அங்கே கதகதப்பாக இருக்கும் என்பதால் போகிறேன். வகுப்பு எடுக்கும் பிலிப்பாவுக்கு நான் எழுதிய எதுவும் பிடித்ததில்லை. "யாருக்காவது அடிபடணும் சார். ஒண்ணும் ஆகலேன்னா அது கதையில்ல, சமையல் குறிப்பு" என்றாள்.

சரி, அடிபட வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: பனி மூடிய இரும்பு நகரில் ஒரு மாவீரன்...

அடித்துவிட்டேன். கிளிஃபோர்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. பஸ் ஓட்டுகிறான். மாவீரர்கள் படியிறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது: இரும்பை வளைக்குமுன் உன் மனதை...

இது கிளிஃபோர்ட் பார்க்கும் வீடியோ ஆசாமி சொன்னது. அந்த ஆளுக்குக் கழுத்தே கிடையாது. கழுத்தில்லாதவன் மனதைப் பற்றிப் பேசினால் நான் நம்புவதில்லை.

மூன்றாவது: சனிக்கிழமைகளில் இரும்பு வளைத்துக் காட்டும் எங்கள் கிளப்பில் ரேமண்ட் என்பவன் ஆறு அங்குல ஆணியை வெறும் கையால் வளைத்து, அதை கிளிஃபோர்டின் மனைவி ஜாய்ஸிடம் கொடுத்தான்.

இது நிற்கட்டும். வளைத்ததை வளைத்தவன் வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கிளப் வழக்கம். ஜாய்ஸ் அதைச் சமையலறையில் மாட்டிக் கைத்துணி தொங்கவிட்டாள். அன்றிலிருந்து கிளிஃபோர்ட் கை துடைப்பதெல்லாம் ரேமண்டின் ஆணியில்தான்.

3

தானும் வளைக்க வேண்டும் என்று கிளிஃபோர்ட் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். இங்கேதான் கதை படுத்துவிட்டது.

மெல்லிய, மெத்தென்ற கம்பி வாங்கினான். இரண்டு முனையிலும் தடித்த தோலைச் சுற்றினான். பட்டறைக் கண்ணாடி போட்டான். வாரத்துக்கு இரண்டே நாள். மணிக்கட்டில் சுரீர் என்றால் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுவான். தசை சீக்கிரம் தேறும், நரம்பு தேற மாதக்கணக்காகும் என்று எனக்கே பாடம் எடுத்தான். நான்கு மாதம் ஒரு கீறல்கூட இல்லை.

(பிலிப்பா இந்தப் பக்கத்தின் ஓரத்தில் "எங்கே?" என்று எழுதினாள். ரத்தத்தைத்தான் கேட்கிறாள்.)

* கம்பி வளைக்கிறவர்களைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு: இவர்கள் வளைத்த கம்பியால் உலகத்தில் ஒரு வேலையும் ஆகாது. கைத்துணி தொங்கவிடலாம். அதுவும் ஜாய்ஸின் யோசனை.

4

போன மாதம் கம்பி தீர்ந்தது. கிளிஃபோர்ட் எங்கிருந்தோ ஒரு பை பழைய போல்ட்டு கொண்டுவந்தான். போல்ட்டின் தலை உள்ளங்கையில் குத்தும். அதனால் தோட்டத்தில் உட்கார்ந்து இருபத்திரண்டையும் ரம்பத்தால் தலை வெட்டி, பிஸ்கட் டப்பாவில் ஒன்றாகக் கொட்டினான்.

போல்ட்டு எவ்வளவு கடினம் என்பது அதன் தலையில்தான் பொறித்திருக்கும். தலையை வெட்டினால் மருந்துப் புட்டியின் சீட்டைக் கிழித்த மாதிரி. மெத்தென்றது வளையும். கடினமானது வளையாது, மணிக்கட்டுதான் வளையும். அதைவிடக் கடினமானது ஒடியும். ஒடிந்த துண்டு மூஞ்சிக்குத்தான் வரும். நான் வேலிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் வந்து விழுந்த தலைகளில் ஐந்து, நானே ஆலையில் தொடப் பயந்த ரகம்.

"என்ன பெருசு, பொறாமையா இருக்கா?" என்றான்.

"எனக்கென்ன. வெட்டு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கதைக்கு ஆகும் என்று உள்ளே போய்ப் பென்சிலைத் தேடினேன். நான் எச்சரிக்காததற்கு ஒரு சாக்கு வைத்து இதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். காது மந்தம், மழை, தொலைபேசி மணி... எதுவும் நிற்கவில்லை.

5

இன்று சனிக்கிழமை. கிளப்பில் கிளிஃபோர்ட் மேடை ஏறப்போகிறான். டப்பாவில் கைவிட்டு வந்ததை எடுப்பான். முடிவுகள் மூன்று:

அ. வளைகிறது. ஜாய்ஸிடம் கொடுக்கிறான். "வீட்ல கைத்துணி ஒண்ணுதான இருக்கு" என்கிறாள். ஆனால் ரேமண்டின் ஆணியைக் கழற்றிவிடுகிறாள்.

ஆ. வளையவில்லை. மணிக்கட்டு போகிறது. வசந்தம் வரை பஸ் கிடையாது.

இ. ஒடிகிறது. ஒரு துண்டு சுழன்று வந்து அவன் வலது...

இ-யை ஒன்பது தடவை திருத்தினேன். நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அது. பிலிப்பா எழுந்து நின்று கைதட்டுவாள். ஒற்றைக் கண்ணுள்ளவனுக்கு இங்கே பஸ் தர மாட்டார்கள்.

6

ஜன்னல் வழியாகத் தெரிகிறது, பேச்சும் கேட்கிறது. கிளிஃபோர்ட் டப்பாவைக் கார் சீட்டில் வைக்கிறான். ஜாய்ஸ் வாசலில் நிற்கிறாள்.

"கண்ணாடிய மறந்துட்டீங்க."

"மறக்கல. போன தடவ அத மாட்டிக்கிட்டுப் போனதுக்கு, பாத்ரூம் குழாய் ரிப்பேரு பண்ண வந்தியான்னு கேட்டான் ரேமண்டு."

"கேட்டா கேக்கட்டுமே."

"உன் முன்னாடி கேட்டான் ஜாய்ஸ்."

அவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

இ-யை இப்போது அடித்துவிட்டேன். பேப்பர் கிழியும் அளவுக்கு. அடித்ததால் டப்பாவுக்குள் இருக்கும் ஐந்தும் மெத்தென்று ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். அந்த முடிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது, கார் சீட்டில்.

மீதியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அ-வோ ஆ-வோ உங்கள் இஷ்டம். அவனைத் தடுக்க நான் வேலியைச் சுற்றித்தான் போயாக வேண்டும், செருப்பு வேறு எங்கோ கிடக்கிறது. குளிர் நாளில் அவன் கார் மூன்றாவது முக்கலில்தான் கிளம்பும்.

இரண்டு முக்கல் ஆகிவிட்டது.