ஆறு வாரச் செடி

ஓத்தகர் இருபத்தெட்டு வருஷம் செக் நாட்டு ஒஸ்த்ராவா நகரின் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். தூசி அவர் நுரையீரலில் குடியேறிவிட்டது. இப்போது பின்னறையில் படுத்த படுக்கை. மூக்கில் குழாய், கட்டிலடியில் ஆக்சிஜன் இயந்திரம், அதன் குப்பியில் ஓயாத கொப்புளச் சத்தம். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெயில் அந்த அறையை எட்டிப் பார்த்ததே இல்லை.

ஜனவரியில் ஒருநாள் மகளைக் கூப்பிட்டார்.

"சுவத்தப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு, இஞ்சினியரம்மா. ஒரு மீன்தொட்டி வையேன். உள்ள பச்சையா எதாவது வேணும். பிளாஸ்டிக் வச்சே, எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

"எந்திரிச்சு வாங்க, பாக்கலாம்" என்றாள் பொஹ்தானா.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீரைப் பற்றி யாரும் தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்பு. ஆய்வுக் கூடத்தில் சும்மா கிடந்த இருபது லிட்டர் தொட்டியைக் கேட்டு வாங்கி வந்தாள். மணல் பரப்பினாள். தண்ணீரைப் பழக்கி நாலு கப்பி மீன் விட்டாள். சின்ன விளக்குதான் வைக்க முடிந்தது. கொஞ்சம் பிரகாசமாக வைத்தாலும் அப்பாவுக்குக் கண் கூசியது. அந்த மங்கல் வெளிச்சத்திலும் பிழைக்கிற செடிதான் வேண்டும்.

ஞாயிறு காலை தொழிலாளர் மன்றத்தில் மீன் வளர்ப்பவர்களின் சந்தை. நீளமான மேசைகள், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய செடிகள், ஜாடி ஜாடியாக மீன்கள். ஸ்பினெக் என்ற கிழவரின் மேசையில்தான் கூட்டம் அதிகம். அவர் இரண்டு செடிகளை எடுத்து வைத்தார்.

"இது அனுபியாஸ். கல்லுல நூல் போட்டுக் கட்டு, அவ்வளவுதான். இந்தக் கிழங்கை மட்டும் மணல்ல பொதைச்சிடாதே, அழுகிடும். அது கிரிப்டோ. அதுக்கும் இருட்டு ஒண்ணும் பண்ணாது. ஆனா எடம் மாத்தினா கோச்சுக்கும். மொதல் வாரமே இலை மொத்தமும் கூழாப் போயிடும். பயந்து பிடுங்கி எறிஞ்சிடாதே. வேர் உசுரோட இருக்கும். ஆறு வாரத்துல திரும்ப இலை விடும்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குமா?"

"அப்பாவுக்கு. படுக்கையில இருக்காரு."

"சுரங்கமா?"

"ஆமா."

கிழவர் கிரிப்டோவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப அனுபியாஸே எடுத்துக்க. வச்ச நாள்லேர்ந்து பச்சையா இருக்கும். இன்னொண்ணு நேரம் இருக்கிறவங்களுக்கு."

பொஹ்தானாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. டாக்டரும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்.

"எங்கப்பாவுக்கு நேரம் இல்லைன்னு சொல்ல நீங்க யாரு? டாக்டரா?"

"இல்லம்மா. என் தம்பியும் சுரங்கத்துலதான்..."

"எனக்கு அந்தச் செடிதான் வேணும். மூணு குடுங்க."

மூன்று கிரிப்டோ வாங்கினாள். பேருக்குக்கூட ஒரு அனுபியாஸ் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கிழவர் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

முதல் இரண்டு நாள் அறைக்கே கல்யாணக் களை. ஓத்தகர் தலையணையைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். தொட்டியின் வடிகட்டியும் ஆக்சிஜன் குப்பியும் சேர்ந்து கொப்புளித்தன.

"ரெண்டும் ஒரே ராகம் பாடுது. கரண்டு போனா மொதல்ல யாரு, நானா மீனா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று உருளைக்கிழங்கு சூப்போடு வந்த அவர் மனைவி லிபுஷெ கத்தினாள். "மீனு போனா பொரிச்சாவது தின்னலாம். உங்கள வச்சு என்ன பண்றது?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் கால் மணி நேரம் நீடித்தது.

நாலாம் நாள் இலைகளில் ஓட்டை விழுந்தது. ஆறாம் நாள் எல்லாம் கரைந்து பழுப்புக் கூழாகத் தரையில் கிடந்தது. பொஹ்தானா குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். வெறும் மணல் மிச்சம்.

"என்னடி இது, சாக்கடை மாதிரி? பச்சையாவே இருக்கிற செடி ஊர்ல இல்லையா?" என்றாள் லிபுஷெ.

"இருக்கு" என்றாள் பொஹ்தானா. கிழவர் சொன்னதை ஒன்று விடாமல் அப்பாவிடமும் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. அதில் ஒரு பெருமையும் உண்டு. "நாளைக்கே போய் அந்த இன்னொண்ணை வாங்கிட்டு வந்துடறேம்ப்பா."

ஓத்தகர் வெறும் மணலைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

"வேணாம். வேரு இருக்குன்னு சொன்னான்ல. வரட்டும்."

அந்த 'வேணாம்' அவளுக்கு வசதியாகப் போயிற்று. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் தினமும் காலையில் அவள் விளக்கைப் போட்டதும் அதே கேள்வி. படுத்த இடத்திலிருந்து அவருக்கு மணல் மங்கலாகத்தான் தெரியும்; சின்ன முளை வந்தாலும் கண்ணுக்கு எட்டாது.

"வந்துச்சா?"

"இல்லப்பா."

"சோம்பேறிப் பய. என் ஷிஃப்ட்ல இருந்திருந்தா ஒதைச்சிருப்பேன்."

பிப்ரவரி முழுக்க இதேதான். போகப் போக ஷிஃப்டும் உதையும் கேலியும் கழன்றுபோய் "வந்துச்சா?" மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை; புருவத்தைத் தூக்கிக் கேட்டார். மார்ச் முதல் வியாழக்கிழமையும் புருவத்தைத் தூக்கினார். பொஹ்தானா குனிந்து, மூக்கு தொட்டியில் இடிக்கத் தேடினாள்.

"இல்லப்பா. இன்னும் இல்ல."

மத்தியானம் அவர் போய்விட்டார்.

வந்துடுச்சுப்பா என்று ஒரே ஒரு வார்த்தை. அவரால் எழுந்து வந்து சரிபார்க்கவா முடியும்? அந்த ஒரு பொய்யைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஐந்து வாரம் ஒரு மனிதனை வெறும் மணலைப் பார்க்க வைத்தவள், உண்மை பேசுகிறவளாம்.

அடக்கத்தன்று பழைய சுரங்கக்காரர்கள் கறுப்புச் சீருடையில் வந்து நின்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆக்சிஜன் இயந்திரத்தை எடுத்துப் போனார்கள். லிபுஷெ தொட்டியையும் கொடுத்துவிடச் சொன்னாள். பொஹ்தானா காதில் வாங்கவில்லை.

அவர் போன ஒன்பதாம் நாள் காலை பழக்கத்தில் விளக்கைப் போட்டாள். மணலுக்கு மேல் ஊசி முனை மாதிரி ஒன்று. இன்னும் விரியாத, சுருண்ட இலை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கையை விட்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும் போல இருந்தது. சட்டைக் கையை மடித்து, தண்ணீருக்குள் கையை விட்டும்விட்டாள். மீன்கள் சிதறின. விரல் இலையைத் தொட்டது. அப்படியே நின்றாள்.

"என்னடி பண்றே?" என்றபடி லிபுஷெ வந்தாள். குனிந்து பார்த்தாள். "என்னமோ பச்சையாத் தெரியுதே?"

"வந்துடுச்சும்மா."

லிபுஷெ காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அறையில் இப்போது ஒரே ஒரு கொப்புளச் சத்தம்தான்.

"கையை எடு" என்றாள். "தண்ணி கலங்குது."